தரை வழுக்காது

பெரிய வியாழனுக்கு முந்தின ராத்திரி
எங்கள் சபையின் ஆம்ப்ளிஃபையர் காணாமல் போனது.
கூடவே இரண்டு மைக், காணிக்கைப் பெட்டி,
யாரோ மறந்துவிட்டுப் போன ஒரு குடை.

வியாசர்பாடி, பி.வி. காலனி.
ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே பதினொரு பேர் கூடினோம்.
மின்விசிறி சுற்றுக்கு ஒருமுறை முனகியது.
"பூட்ட ஒடைக்கல, கழட்டிருக்கான்.
அப்டிக் கழட்டத் தெரிஞ்சவன் இந்தத் தெருவுல ஒருத்தன்தான்"
என்றார் பொருளாளர் ஐசக்.
பெயர் சொல்லவில்லை.
எல்லோரும் சலோமி அக்கா வழக்கமாக உட்காரும் இடத்தைப் பார்த்தோம்.
அன்று அவள் வரவில்லை.

"ஸ்டேஷனுக்கு ஒரு போன் போட்டா
காலையில எல்லாம் திரும்பி வந்துடும்."

வந்துவிடும்தான்.
அவளுடைய மூத்தவன் போன வருஷம் வந்ததுபோல.
வலது கையில் மாவுக்கட்டு,
காகிதத்தில் 'குளியலறையில் வழுக்கி விழுந்தார்'.
கட்டுப் பிரித்த பிறகும்
அந்தக் கையால் சோற்றைப் பிசைய முடியவில்லை.

நான் செயலாளர். மினிட்ஸ் நோட்டில்
'புகார் அளிப்பதென ஒருமனதாக'
வரை எழுதியிருந்தேன்.

அப்போது தவசீலன் எழுந்தார்.
முப்பத்தொரு வருஷம் காக்கி, ரிட்டயர்டு ஏட்டு.
ஜெபத்தில் கண்ணை மூடுவார்,
வாயைத் திறந்து யாரும் பார்த்ததில்லை.

"அந்தக் குளியலறய எனக்குத் தெரியும்" என்றார்.
"தரை வழுக்காது."

உட்கார்ந்துவிட்டார்.
எந்த ஸ்டேஷன், எந்த வருஷம் என்று
ஒருவரும் கேட்கவில்லை.
யாரோ நீட்டிய தண்ணீரை
அவர் கையிலேயே வைத்திருந்தார்.

'ஒருமனதாக' என்பதை அடித்தேன்.

ஐசக் விடவில்லை:
"நாளைக்கி ஒரு கத்திக்குத்துன்னா
யாரக் கூப்புடுவ? சொல்லு."
நியாயமான கேள்வி.
"தெரியலண்ணே" என்றார் ஆயரம்மா பொற்கொடி.
"அதுக்கு இன்னும் எங்கிட்ட பதில் இல்ல.
ஆனா இது கத்திக்குத்து இல்ல, ஆம்ப்ளிஃபையர்.
நாளைக்கி ராத்திரி
தோட்டத்துல புடிச்சிக்கினு போனவருக்காக
முட்டி போடப் போறோம்.
தீவட்டி புடிச்சவன் பக்கம் நின்னுகினு
எப்டிப் போடறது?"

நடந்தோம்.
ஹவுசிங் போர்டின் இரண்டாம் மாடி திரும்பும்போதுதான் உறைத்தது:
பதினொரு ஜோடிச் செருப்பு ஒரு வாசலில் கிடந்தால்
அதற்குப் பெயரும் ரெய்டுதான்.
எட்டு பேர் கீழே இறங்கிப் போனார்கள்.
தவசீலன் சுவரைப் பார்த்து நின்றார்.

சலோமி அக்கா கதவைத் திறந்து
முதலில் சொன்னது: "அடிக்காதீங்க."

யாபேஸ் வீட்டில் இல்லை.
நாங்கள் டீ குடித்தோம். சர்க்கரை அதிகம்.
வேறென்ன பேசினோம் என்று நினைவில்லை.

பெரிய வெள்ளிக்கு மைக் இல்லை.
ஏழு வார்த்தைகளும் நான்காம் வரிசையைத் தாண்டவில்லை.
தாகம் என்று ஆயரம்மா சொன்னது
எங்கள் எல்லோருக்கும் கேட்டது,
அந்நேரம் தண்ணி லாரி ஹாரன் அடித்ததால்
பாதிப் பேர் குடத்தோடு ஓடிவிட்டார்கள்.

சனிக்கிழமை, பலிபீடத் துணிக்கடியில்
மூலக்கடை அடகுக்கடை ரசீது.
ஆயிரத்து எண்ணூறு. மீட்டுவிட்டோம்.
காசிமேட்டில் ஐஸ் ஏற்றுகிறான் யாபேஸ்,
வாரம் இருநூறு தருகிறான்,
இரண்டு வாரம் தரவில்லை.
பெட்டியிலிருந்த பணம் போனது போனதுதான்.
ஒரு மைக் வந்தது, ஒன்று வரவேயில்லை.
குடை வந்தது.

ஐசக் இன்னமும் புது பூட்டு பற்றிப் பேசுகிறார்.

இப்போது ஞாயிறுகளில் காணிக்கைப் பையை
யாபேஸின் அண்ணன் எடுத்து வருகிறான், இடது கையில்.
கடைசி வரிசை வரை வருகிறான்.
தவசீலன் மடித்த நோட்டை நீட்டியபடி இருக்க
பை நிற்காமல் அடுத்த ஆளுக்குப் போய்விடுகிறது.
அவர் நோட்டை மறுபடி சட்டைப்பையில் வைத்துக்கொள்கிறார்.
அடுத்த வாரமும் நீட்டுகிறார்.

இதை நான் மினிட்ஸில் எழுதுவதில்லை.